தலையாய பிரச்னை!

முடி விஷயத்தில் கடவுளையே எதிர்த்து நின்ற இனம் நம்முடையது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லை பூவும் எண்ணெயும் சேர்ந்து பண்ணுகிற வேலையா என்று மதுரையில் நடந்த அந்த வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 1965-ல் 'திருவிளையாடல்' படம் வந்ததிலிருந்து தருமி என்றால் நமக்கு நாகேஷ் முகம்தான். பாவம், ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்டு சபையில் மாட்டிக்கொண்டார். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்தும் நக்கீரர் மசியவில்லை. மணக்கிறது என்றால் மேலே ஏதோ தடவியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அந்த வகையில் கேசத் தைலங்களின் முதல் விமர்சகர் அவர்தான்.

ஆனால், பாண்டியன் சபையில் ஆம்பிளைகளின் முடியைப் பற்றி ஒருத்தரும் பேச்செடுக்கவில்லை. அந்தக் குறையை இப்போது நம் ஆபீஸ்கள் தீர்த்து வைக்கின்றன. காலை ஒன்பதரை மணிக்கு லிஃப்ட்டுக்குள் நின்று பாருங்கள். உள்ளே இருக்கிற கண்ணாடியில் நாலு பேர் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகத்தை அல்ல, நெற்றியை. நேற்றைக்கும் இன்றைக்கும் எல்லைக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சர்வே நடக்கும். மூணாவது மாடி வந்ததும் கையை இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வெளியே போவார்கள்.

எங்கள் ஆபீஸில் இந்த சர்வே டிபார்ட்மென்ட்டுக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். வயது 29. சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலத்துக்குத் தெற்கே இருக்கிறது. பேரைச் சொன்னாலே ரசம் தாளித்த வாசனை வருகிற ஊர். 'ஊர்ப் பேர்லயே கருவேப்பிலைய வெச்சிக்கிட்டு உங்களுக்கு எப்படி ஸார் முடி கொட்டுது?' என்று அவரிடம் கேட்காத ஆள் எங்கள் ஆபீஸில் கிடையாது, கேன்டீன் பையன் உட்பட. பேரே குறிச்சிக்காரர் என்றாகிவிட்டது.

(கறிக்குப் போடுகிற, வேப்பிலை ஜாடையில் இருக்கிற இலை என்பதால் அது கறிவேப்பிலை. நம் வாய் அதைக் கருவேப்பிலை ஆக்கிக்கொண்டது. 'கரு' என்று காதில் விழுந்ததாலோ என்னவோ, தின்றால் முடி கருக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே ஒட்டிக்கொண்டுவிட்டது. இரும்புச்சத்தும் இன்ன பிறவும் அதில் இருப்பது நிஜம். ஆனால், தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற நாலு இலையிலிருந்து முடி வரை அது போய்ச் சேர வேண்டும் அல்லவா?)

குறிச்சிக்காரருக்கு வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம். மூன்று இடம் பார்த்தாயிற்று. முதல் இரண்டும் ஜாதகம். மூன்றாவது இடத்தில் ஜாதகம் பிரமாதமாகப் பொருந்தி, பஜ்ஜி சொஜ்ஜியும் ஆகி, நாலு நாள் கழித்துத் தரகர் வழியாக ஒரு வாக்கியம் வந்தது: 'மாப்பிள்ளைக்கு வயசு ஜாஸ்தியா தெரியுதாம்.' அவ்வளவுதான். கருவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

வயசைப் பற்றிய இந்த ரோஷம் அந்த ஊர்ப் பக்கத்துக்கே உரியது. விருத்தாசலம் என்றாலே 'கிழ மலை' என்றுதான் அர்த்தம். பழைய தமிழ்ப் பேர் முதுகுன்றம். அம்மன் பேர் விருத்தாம்பிகை. குரு நமசிவாயர் சிதம்பரத்துக்குப் போகிற வழியில் பசியோடு அங்கே தங்கி, கிழத்தி என்று அம்மனைப் பாடிச் சோறு கேட்டாராம். அம்மன் கிழவியாகவே வந்து, 'கிழவியால் எப்படியப்பா சோறும் தண்ணியும் தூக்கிக்கொண்டு நடக்க முடியும்? இளமையாகப் பாடு' என்றாளாம். அப்படியே பாடினார். சின்னப் பெண்ணாக வந்து சோறு போட்டாள் என்பது தல வரலாறு. அம்பாளுக்கே வயசு ஜாஸ்தியாகத் தெரிந்தால் பிடிக்கவில்லை. 29 வயசுப் பையனுக்கு எப்படி இருக்கும்?

தரகர் போன் செய்த அதே வாரம் ஊரிலிருந்து அம்மாவின் பார்சல் வந்து இறங்கியது. உள்ளே ஒரு பீங்கான் ஜாடி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, மேலே பாலிதீன் கவர் சுற்றி. பீங்கான் ஊர்க்கார அம்மா அல்லவா, பிளாஸ்டிக்கை நம்பமாட்டார். (நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது மேலே வருகிற வெள்ளைக் களிமண் பக்கத்தில் கிடைத்ததால்தான் விருத்தாசலம் பீங்கான் ஊராயிற்று. பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின. பீங்கான் தொழில் படிக்க அரசாங்கப் பயிற்சி நிலையமே அங்கே உண்டு.) அம்மா செய்தது சரிதான். எண்ணெய்க்கு வெளிச்சமும் காற்றும் சத்துரு. கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும்.

ஜாடியில் இருந்தது கரும்பச்சையாக ஒரு தைலம். வாய்க்கால் ஓரத்துக் கரிசலாங்கண்ணி, கொல்லைக் கருவேப்பிலை, செம்பருத்தி, நெல்லிக்காய், ஊற வைத்து அரைத்த வெந்தயம். எல்லாவற்றையும் இடித்துச் சாறு பிழிந்து, செக்கு எண்ணெயில் விட்டுக் காய்ச்சியது. 'தெனம் வெச்சிக்கணும்டா. ஒரு மாசத்துல பாரு' என்று போனில் உத்தரவு.

இந்தக் காய்ச்சுகிற வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பழைய வைத்திய நூல்களில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அரைத்த விழுது 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு அல்லது கஷாயம் 16 பங்கு. சிறு தீ. தண்ணீர் முழுக்கப் போகும் வரை கிளற வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க அடியில் தங்கும் கசண்டை எடுத்து விரலால் உருட்டுவார்கள். திரி மாதிரி திரண்டு வரவேண்டும். அதை நெருப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கக்கூடாது. வெடித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, எண்ணெய் கெட்டுப்போகும் என்று அர்த்தம். நெய்யில் காய்ச்சினால் நுரை அடங்கும்போது பதம். எண்ணெயில் காய்ச்சினால் நுரை எழும்பும்போது பதம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் கண்ணையும் காதையும் மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சல்யூட் அடித்தே ஆகவேண்டும்.

கேரளத்து 'சகஸ்ரயோகம்' என்ற நூலில் வருகிற நீலிபிருங்காதித் தைலத்தைப் பாருங்கள். அவுரி, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான், நெல்லிக்காய் இவற்றின் சாறு. அதிமதுரம் முதலான சரக்குகளை அரைத்த விழுது. போதாததற்கு பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால், தேங்காய்ப்பால். ஒரு சின்ன மாட்டுத் தொழுவமே வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நூறு, இருநூறுக்குக் கிடைக்கிற பாட்டிலில் நாலு பாலும் இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். கடைக்காரரோடு எனக்குச் சண்டை வேண்டாம்.

சரி, வேலை செய்கிறதா? அதுதானே கேள்வி.

முடி என்ற வஸ்துவுக்கு இரண்டு பாகம். வெளியே தெரிகிற இழை, உள்ளே புதைந்திருக்கிற வேர்ப்பை. வெளியே தெரிவது செத்த புரதம். வெட்டினால் வலிக்காததற்கு அதுதான் காரணம். உயிர் இருப்பது வேர்ப்பையில். நம்முடைய எண்ணெயும் சீயக்காயும் வெந்தயமும் முக்கியமாக வேலை பார்ப்பது வெளியே தெரிகிற இழையில். நம்முடைய கவலையெல்லாம் வேர்ப்பையில். பெரும்பாலான ஏமாற்றம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இழைக்குச் செய்கிற வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2003-ல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் இருக்கும் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, இழைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. மற்ற இரண்டும் மேலே பளபளப்போடு சரி. (சோதித்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள். இருந்தாலும் முறையாகச் செய்த சோதனை.) ஆகவே 'மூலிகைத் தைலம்' என்று வாங்கும்போது, மூலிகைப் பட்டியலைப் படித்து மயங்குவதற்கு முன்னால் அந்த மூலிகை எந்த எண்ணெயில் மிதக்கிறது என்று பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள். 'லிக்விட் பாரஃபின்' என்று போட்டிருந்தால் அது பெட்ரோலியத்தின் தம்பி. தென்னை மரத்துக்கு உறவு கிடையாது.

வெந்தயமும் செம்பருத்தி இலையும் கொழகொழவென்று வருகிறதே, அந்தக் கொழகொழப்பு இழையின் மேல் மெல்லிசாகப் படிந்து சிக்கு விடாமல் வைக்கும். கடையில் கண்டிஷனர் என்று விற்பது பண்ணுகிற வேலைதான். சீயக்காயில் இருக்கிற சபோனின் அழுக்கை எடுக்கும், நுரை குறைவு, முடியை வறட்டாது. கண்ணில் பட்டால் மட்டும் பூர்வ ஜென்மம் ஞாபகம் வரும். சேலம், கோவைப் பக்கம் இதே வேலைக்கு அரப்பு. அது உசிலை மரத்து இலையை அரைத்த பொடி.

வேர்ப்பைக்கு வருவோம். 2008-ல் கரிசலாங்கண்ணிச் சாரத்தை எலிகள் மேல் தடவிப் பார்த்தார்கள். முதுகில் மழித்த இடத்தில் முடி சீக்கிரமாகவே முளைத்தது. சந்தோஷம். ஆனால், எலிக்கு நம்மைப் போல பரம்பரை வழுக்கை கிடையாது. முன் நெற்றி ஏறி, பெண் வீட்டார் வேண்டாம் என்று சொன்ன எலியை யாரும் பார்த்ததில்லை. ரோஸ்மேரி எண்ணெய்க்கு மட்டும் 2015-ல் இரானில் மனிதர்களிடமே ஒரு சோதனை நடந்தது. 100 பேர், ஆறு மாதம். பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, பாதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கொஞ்சம் முடி கூடியது. சும்மா எண்ணெய் தடவிய மூன்றாவது கோஷ்டி ஒன்று இருந்திருந்தால் இன்னும் நம்பலாம். அது இல்லை.

குறிச்சிக்காரர் இதையெல்லாம் படிக்கவில்லை. அம்மா எண்ணெயைத் தினம் வைத்தார். ஒரு மாதம், மூன்று மாதம். முடி கறுப்பாக, மினுமினுவென்று, பஞ்சு மாதிரி ஆனது. இருக்கிற முடிதான். நெற்றி அதன் பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வெளியே வாங்க ஆரம்பித்தார். இன்ஸ்டாகிராமில் ஒரு தைலம், டி.வி.யில் ஒரு தைலம், நண்பர் சொன்ன வைத்தியர் கொடுத்த ஒரு கஷாயம். தூங்கும்போது தலையணைக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் பழைய பேப்பர். இப்படிப் பதினாலு மாதம்!

இந்தத் தைலங்களுக்கெல்லாம் 'எனக்கு முடி வளர்ந்தது' என்று சாட்சி சொல்ல ஆள் கிடைக்கிறார்களே, எப்படி? எல்லாரும் காசு வாங்கிய பேர்வழிகள் இல்லை. பல பேர் சத்தியமாகத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஆபீஸிலேயே டெஸ்பாட்ச் செக்‌ஷன் அம்மா ஒருத்தருக்கு டெங்கு வந்து பிழைத்தார். மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஒரு தைலத்தை ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கித் தேய்த்தார். நாலைந்து மாதத்தில் கொட்டுவது நின்று புது முடி முளைத்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் தைலத்துக்கு அவர்தான் எங்கள் ஆபீஸ் ஏஜென்ட்.

நடந்தது என்னவென்றால், நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மிச்சம் ஓய்வில் இருந்து, மூன்று மாதம் போல ஓய்வெடுத்து உதிரும். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இந்தக் கணக்கில்தான். அதற்குப் பயப்படவேண்டாம். பெரிய ஜுரம், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட் என்று உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த ஏராளமான முடி ஒரே சமயத்தில் லீவு போட்டுவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். கொரோனா வந்து போனவர்களில் நிறைய பேர் 2020, 2021-ல் இதைப் பார்த்திருப்பார்கள். அப்புறம் சில மாதங்களில், ஒன்றுமே தடவாவிட்டாலும், அதுவே திரும்ப முளைக்கும். நடுவில் தேய்த்த எண்ணெய்க்குப் பேர் கிடைக்கும். விளக்கெண்ணெய் தேய்த்திருந்தாலும் கிடைத்திருக்கும்.

குறிச்சிக்காரருடையது அந்த ரகம் இல்லை. அவருக்கு ஜுரமும் இல்லை, கொத்துக் கொத்தாகக் கொட்டவும் இல்லை. நெற்றி இரு ஓரமும் உச்சியும் மட்டும், மெதுவாக. அப்பாவுக்கும் அப்படி, தாய்மாமாவுக்கும் அப்படி. ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டி.ஹெச்.டி. என்ற சமாசாரத்துக்கு அந்த இடத்து வேர்ப்பைகள் மட்டும் பயப்படும். வருஷா வருஷம் சுருங்கும். தடித்த முடி மெலிந்து, பூனை முடியாகி, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போகும். பக்கவாட்டிலும் பிடரியிலும் இருக்கிற முடிக்கு இந்தப் பயம் இல்லை. வழுக்கையர்களுக்கும் காதோரம் தோரணம் மிஞ்சுவது அதனால்தான். முடி நடுகிற ஆபரேஷனில் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைப்பதும் அதனால்தான்.

பதினாலாவது மாதம் ஒரு தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, 'ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே தம்பி' என்றார். சுருங்கிக்கொண்டிருக்கிற வேர்ப்பையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம், முழுசாகப் போனதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம் என்றார். குறிச்சிக்காரர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. 'காசு போனது போவட்டும் ஸார். அந்தப் பதினாலு மாசத்தை எந்தக் கடைல வாங்குறது?' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது சொட்டு மருந்து போடுகிறார். மினாக்ஸிடில். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாக வந்த சரக்கு அது. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடத்தில் எல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துவிட்டுத் தலைக்குத் திருப்பிவிட்டார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் சில வாரம் இன்னும் ஜாஸ்தியாகக் கொட்டிப் பயமுறுத்தும், பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்தது போய்விடும். ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரையும் இருக்கிறது, 1997-ல் வழுக்கைக்கென்று அனுமதியானது. சிலருக்குத் தாம்பத்ய விஷயத்தில் தகராறு செய்யும் என்பதால் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. மெடிக்கல் ஷாப் பையன் டாக்டர் இல்லை.

குறிச்சிக்காரர் மாவட்டம் முடி விஷயத்தில் சாமான்யப்பட்டது அல்ல. சீயக்காயைக் குளியலறையிலிருந்து கிளப்பிய புரட்சி கடலூரில்தான் ஆரம்பித்தது. அங்கே சின்ன அளவில் மருந்து தயாரித்துவந்தவர் சின்னி கிருஷ்ணன். டால்கம் பவுடர், எப்சம் உப்பு போன்றவற்றைப் பெரிய டப்பாவில் விற்காமல் சின்னச் சின்னப் பொட்டலமாக விற்றவர். கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடியவேண்டும் என்பது அவர் எண்ணம். திரவத்தையும் பாக்கெட்டில் அடைக்கலாம் என்று வழி கண்டுபிடித்தார். அதிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்தது வெல்வெட் ஷாம்பு. அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வெளியே வந்து ஆரம்பித்ததுதான் 'சிக்'. சின்னி கிருஷ்ணன் என்ற அப்பா பேரின் சுருக்கம். கிராமம் கிராமமாகப் போய், ஒரு பையனைப் பிடித்து எல்லார் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றார்கள். ரஜினி படம் போட்டு நடுவில் விளம்பரம் காட்டினார்கள். பெரிய கம்பெனிகள் எல்லாம் பின்னாலேயே பாக்கெட்டில் இறங்கின. அப்புறம் அதே கம்பெனி 'மீரா' என்று சீயக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் போட்டு விற்றதுதான் தமாஷ். வீட்டிலிருந்து கிளப்பிய சீயக்காயைக் கடைவழியாகத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்!

'ஷாம்பு' என்ற வார்த்தையே நம் சரக்குதான். 'அமுக்கு, பிடித்துவிடு' என்ற அர்த்தத்தில் 'சாம்போ' என்று இந்தியில் சொல்வது. பாட்னாக்காரரான ஷேக் தீன் முகமது இங்கிலாந்தில் பிரைட்டன் ஊருக்குப் போய் நீராவிக் குளியலும் எண்ணெய் மசாஜும் நடத்தி, நாலாம் ஜார்ஜ் ராஜாவுக்கே 'ஷாம்பு வைத்தியர்' ஆனார். நம்ம ஊர் எண்ணெய்க் குளியல் கப்பலேறிப் போய், நூறு வருஷத்துக்கு மேல் சுற்றிவிட்டு, நுரையோடு திரும்பி வந்திருக்கிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று வருஷம் முன்பு 'ஆதிவாசி ஹேர் ஆயில்' என்று ஒன்று செல்போனில் எல்லாம் ஓடியதே, பார்த்தீர்களா? மைசூர் மாவட்டம் ஹுன்சூர் பக்கம் பக்ஷிராஜபுராவில் இருக்கிற ஹக்கிபிக்கி மக்கள் காய்ச்சுவது. இடுப்பு வரை முடியோடு ஆணும் பெண்ணும் வந்து நிற்பார்கள், 108 மூலிகை என்பார்கள். அவர்கள் பேசும் வாக்ரிபோலி நம்ம ஊர் நரிக்குறவர்கள் பேசுகிற பாஷைதான். காடு காடாகத் திரிந்தவர்கள், தைலம் விற்று நாலு காசு பார்த்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் 108 என்பது கோயில் கணக்கு, வைத்தியக் கணக்கு இல்லை. பத்து மூலிகை ஒழுங்காக இருந்தால் போதும், எது எவ்வளவு என்று சொன்னால் போதும். பிரபலமானதும் அதே பேரில் போலி வேறு கிளம்பிவிட்டது.

கவர்ன்மென்ட் சும்மா இல்லை. 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 'ஜே' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. குணப்படுத்துவேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத வியாதிகளின் பட்டியல். அதில் வழுக்கை இருக்கிறது, இளநரை இருக்கிறது, புதுமுடி வளர்ப்பதும் இருக்கிறது. பட்டியல் பாட்டுக்கு அங்கே இருக்கிறது, விளம்பரம் பாட்டுக்கு இங்கே இருக்கிறது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதில்லை.

பொடுகு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடுகுக்குக் காரணமான மலாஸீஸியா என்ற பூஞ்சைக்கு ஆகாரமே எண்ணெய்ப் பசைதான். 'தலை வறண்டு செதில் உதிருது' என்று நினைத்து ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைத்தால், அதற்கு இலை போட்டுப் பாயசம் ஊற்றுவதற்குச் சமம்.

நரை பிரச்னைக்காரர்களுக்கு மட்டும் மூலிகையில் நிஜமாகவே வழி இருக்கிறது. மருதாணி இலையில் உள்ள லாசோன் முடிப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செம்பட்டை நிறம் தரும். செம்பட்டை மட்டும்தான். அதைக் கழுவிவிட்டு, அவுரி இலைப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் போட்டால், காற்றுப் பட்டு நீலம் ஏறி, சிவப்பும் நீலமும் சேர்ந்து கறுப்பாகும். அவுரி பழைய தென்னாற்காடு ஜில்லாவின் பயிர். ஜெர்மனி கம்பெனிக்காரன் 1897-ல் செயற்கை நீலத்தை விற்க ஆரம்பித்ததும் படுத்துவிட்டது. திண்டிவனம் பக்கம் இன்றும் கொஞ்சம் பயிராகிறது. இரண்டு தடவையாக, மணிக்கணக்கில் உட்காரப் பொறுமை வேண்டும். 'ஒரே தடவையில் கறுப்பாக்கும் மருதாணி' என்று விற்கிறார்களே, 'பிளாக் ஹென்னா', அதில் இலை பேருக்குத்தான். கறுப்பாக்குவது பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகமே வீங்கி, கண் மூடிக்கொள்ளும். கல்யாணத்துக்கு முதல் நாள் முதல் முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். எந்தச் சாயமானாலும் இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள், அரித்தால் குழாயடிக்கு ஓடுங்கள்.

குறிச்சிக்காரருக்கு ஒரு தர்மசங்கடம் மிச்சமிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? முட்டி வலியோடு வாய்க்கால் ஓரமெல்லாம் குனிந்து கரிசலாங்கண்ணி பறித்து, அடுப்பு முன்னால் அரை நாள் நின்று காய்ச்சி அனுப்புகிறவரிடம், 'இதால ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வியே, 'தலைக்கு எண்ணெ வெச்சியா? எதனா மொளைக்கிதா?' டாக்டரிடமே கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே, 'முடி நல்லா இருக்கறதுக்கு அந்த எண்ணெயும் ஒரு காரணம். எதுக்கு விடணும்?' என்று சொல்லி டைம்டேபிள் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை காலை அம்மா எண்ணெய், ஒரு மணி நேரம், சீயக்காய் போட்டுக் குளியல். தலை நன்றாகக் காய்ந்த பிறகு ராத்திரி சொட்டு மருந்து. எண்ணெய் மேல் மருந்தைப் போடக்கூடாது, அது மட்டும் கண்டிஷன்.

போன மாதம் நாலாவது இடம் பார்க்கப் போனார். பெண் சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். இந்த முறை குறிச்சிக்காரர் தலையைப் பவுடர் போட்டு மறைக்கவில்லை, சீவி இழுத்து மூடவில்லை. தனியாகப் பேச விட்டபோது நேரடியாகவே சொல்லிவிட்டாராம். 'இது இன்னும் கொஞ்சம் போகும். மருந்து போட்டுக்கிட்டிருக்கேன். இப்பவே சொல்லிடறேன்.' அந்தப் பெண் ஒரு நிமிஷம் அவர் தலையையே பார்த்துவிட்டு, 'இருக்கிற முடி நல்லா பளபளன்னு இருக்கே, என்ன போடறீங்க?' என்று கேட்டிருக்கிறது. அம்மா காய்ச்சுகிற எண்ணெய் என்றதும், 'எனக்கு ஒரு பாட்டில் கிடைக்குமா?' என்றதாம்.

நிச்சயதார்த்தம் தை மாதம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இப்போது இரண்டு ஜாடி கிளம்புகிறது. பெரிய ஜாடி சிதம்பரம் போகிறது. 'எனக்கு வர்றது ஊறுகாய் ஜாடி சைஸ்தான் ஸார்' என்கிறார் குறிச்சிக்காரர். 'கேட்டா, ஒனக்கு எதுக்குடா அவ்ளோ எண்ணெங்குது எங்கம்மா!'